எருமைக் கொட்டகையில் நின்ற ஜீப்

துலுக்கானம் ரகசியம் பேசினால் திருமுல்லைவாயில் வரை கேட்கும். கேலிக்காகச் சொல்லவில்லை. ஒருநாள் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "பாஸ்கரு, தங்கச்சி காபியில சக்கரைய மறந்துடுச்சி, நீ ஒண்ணும் கேட்டுக்காத" என்று என் காதோரம் குனிந்து சொன்னான். என் மனைவி சுசீலா சமையலறையில் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் சர்க்கரை டப்பாவோடு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நானும் அப்படித்தான் பேசுவேன். இரண்டு பேரும் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில், இஞ்சின் சோதிக்கும் அறையில் வேலை பார்த்தவர்கள். புது இஞ்சினை இரும்பு மேடையில் பூட்டி ஷிப்ட் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டுவது அவன், சரி பார்ப்பது நான். அந்த அறைக்குள் கத்தினாலும் கேட்காது என்பதால் எல்லாமே கைஜாடைதான். விரலைக் காற்றில் சுழற்றினால் ஸ்டார்ட். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் வேகத்தைக் குறை. கட்டைவிரல் வாய்ப்பக்கம் போனால் டீ. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. யாராவது தன் காது மடலைப் பிடித்தால், இஞ்சினில் வேறு சத்தம் கேட்கிறது என்று அர்த்தம். பிடித்தவர் பெருக்க வந்த ஆயாவாக இருந்தாலும் சரி, ஓட்டுகிறவன் அந்த நொடியே இஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஏன் எதற்கு என்பதெல்லாம் பிறகு.

காதுக்கு மாட்டிக்கொள்ள உறை கொடுத்திருந்தார்கள். துலுக்கானம் அதைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொள்வான். கேட்டால், "இத்த மாட்னா இஞ்சின் பேசறது எனக்கு எப்டிப்பா கேக்கும்?" என்பான். நான் எத்தனையோ தடவை கோபித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும், அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஐம்பது வயதுக்குள் சின்னச் சத்தங்கள் எல்லாம் அவனை விட்டுப் போய்விட்டன. கொசு கடிப்பதுதான் தெரியும், பாடுவது தெரியாது. வீட்டிலும் தொழிற்சாலை ஜாடையே பேச்சாகிப் போனது. பால் பொங்கினால் அவன் மனைவி நாகம்மா காது மடலைப் பிடிப்பாள், அவன் ஓடிப்போய் ஸ்டவ்வை அணைப்பான்.

நான் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். அவன் பருத்திப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். ஏரிக்குக் கீழே அப்பன் நெல் போட்ட கழனியை ஒட்டியே அவன் வீடு. வேலைக்குப் போவது அவன் என்றாலும் வீட்டை நடத்துவது நாகம்மாவும் அவளுடைய இரண்டு எருமைகளும்தான். குவார்ட்டர்ஸில் பாதி வீட்டுக்கு அவள் பால்தான். தண்ணீர் கலக்காத பால், ஆனால் கூடவே இரண்டு வார்த்தை திட்டும் கிடைக்கும். பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்றால் ஊற்றாமலே போய்விடுவாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் எண்பத்தாறாம் வருஷம் துலுக்கானம் ஒரு பழைய மிலிட்டரி ஜீப்பை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தான். கொண்டு வந்தான் என்பது பெரிய வார்த்தை. கயிறு கட்டி இழுத்து வந்தோம். நிறுத்த இடமில்லாமல் எருமைக் கொட்டகையில் விட்டான். எருமைகள் வேப்பமரத்தடிக்கு வந்தன.

"எருமைங்கோ ரெண்டும் வெயில்ல நிக்குது, இந்தத் தகரம் நெயல்ல நிக்குது. ஏன்யா, உன் ஜீப்பு எத்தினி படி கறக்கும்?" என்று நாகம்மா தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். அவள் கேட்டது தெருவுக்குக் கேட்டது, அவனுக்குத்தான் கேட்கவில்லை. போனெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தான்.

எதற்கய்யா இந்த வேலை என்று நானும் கேட்டேன். அவன் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளோடு போயிருந்தானாம். "அங்க கம்பிக்குப் பின்னால கீற மிருகம் நம்மள மாதிரி ஷிப்ட்டு பாக்குதுபா. வேளைக்குச் சோறு, வேளைக்கு உலாத்தல். தன் இஷ்டத்துக்கு நடக்கற மிருகத்த ஒரே ஒரு தபா பாத்துடணும். அதுக்குக் காட்டுக்குப் போணும். நம்ம ஊர்ல இன்னா மலையா கீது? ஏரிக்கரதான் கீது." சரி, நானும் வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு பங்குனியும் இதே கூத்து. பங்குனியில் குவார்ட்டர்ஸ் புங்கமரங்கள் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விட்டதும் துலுக்கானத்துக்குக் கை பரபரக்கும். பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் ரோட்டைப் பிடித்து, போளூர் போய், அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறுவோம். பாதி மலையில் புளி ஏற்றும் லாரிகளுக்காக வெட்டிய ஒரு மண்பாதை பிரியும். பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் மழை அரித்த கால்வாய். அதில் ஜீப் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேர் சொல்லும்.

மிருகம்? ஒன்றுகூட இல்லை. முதல் வருஷம் ஒரு குரங்கு பார்த்தோம். குரங்கைப் பார்க்க ஜவ்வாது மலைக்கா போக வேண்டும்? அடுத்த வருஷம் துலுக்கானம் ஒரு யோசனை செய்தான். வண்டிக்கு மிலிட்டரிப் பச்சை அடிக்கக் கூடாது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிவிட்டார்கள் என்பதால், பருத்திப்பட்டு ஏரி வண்டலை ஒரு மூட்டை கட்டி எடுத்து வந்து, மலை அடிவாரத்தில் ஜீப் முழுக்க அப்பினான். "இப்ப நாமளும் ஒரு பாறதான்டா, எந்த மிருகத்துக்கும் தெரியாது" என்றான். அதை அவன் சொன்ன சத்தத்தில் ஆலமரத்திலிருந்த கிளி அத்தனையும் பறந்துவிட்டது. நானும் சும்மா இருந்தேனா? "யோவ், மெதுவாப் பேசுய்யா!" என்று அதைவிட உரக்கக் கத்தினேன். நாங்கள் இருவரும் கிசுகிசுக்கிறோம் என்றுதான் சத்தியமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

இறங்கும்போது வனத்துறை செக்போஸ்டில் இருந்த வாட்சர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "மேலே நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களா? எல்லாம் இங்கே கேட்டுச்சு" என்றார். "சண்ட இன்னா சார், மிருகம் பாக்கப் போனோம்" என்றான் துலுக்கானம். அந்த மனிதர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

தொழிற்சாலையில் இது பரவாமல் இருக்குமா? துலுக்கானம் மலைக்குப் போனால் மிருகங்களுக்கெல்லாம் லீவு என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் பூந்தமல்லி தாண்டியதும் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் பேசாமல் வருவது எனக்கு என்னவோ பிடிக்காது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் நாகம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். அதற்கு முந்திய மழையில் வேப்பமரத்தடியில் நின்ற எருமை ஒன்றுக்கு ஜன்னி கண்டு, பிழைத்ததே பெரிய காரியமாகிவிட்டது. அயனம்பாக்கத்தில் செங்கல் சூளை வைத்திருந்த ஜம்புலிங்கம் மண் இழுக்க ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் அவளே பேசிவிட்டாள்.

"இந்த வருசம் நானும் வரேன். அப்டி இன்னாதான் கீது அந்த மலையில, என் கண்ணால பாக்கறேன். ஒண்ணும் இல்லன்னா ஞாயித்துக்கெயம ஜம்புலிங்கம் வந்து வண்டிய இட்டுனு போவாரு. கொட்டா எருமைக்கு. இன்னா சொல்ற?"

அவள் இதை அவன் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கேட்கவில்லை என்று அவன் தப்பிக்க வழியில்லை. கொஞ்சநேரம் ஜீப்பையும் எருமைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "சரிம்மே. நீ சொல்றது நாயம்தான்" என்றான். எருமைக்கு ஜன்னி வந்தபோது ராத்திரி பகலாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் அவன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். சுசீலா புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். நாகம்மா பங்குக்குக் கருவாடு வறுத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீரை ஒரு பால் கேனில் எடுத்துக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால். அவள் அதுவரைக்கும் திருத்தணிக்கு மேலே எங்கும் போனதில்லை. ஜீப் மலை ஏறத் தொடங்கியதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் மலை நன்றாக இருந்தது. இலுப்பை பூத்திருந்தது. மண்பாதை முழுக்க வெளுத்த பூக்கள் சிந்தி, காற்றில் புளித்த ஒரு இனிப்பு வாசனை. புங்கையெல்லாம் இளம்பச்சை. கீழே போளூர் ஏரி ஒரு தட்டுக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. "பரவால்லயே" என்றாள் நாகம்மா. அவ்வளவுதான் சொன்னாள். துலுக்கானத்துக்குக் கேட்கவில்லை. நான் அவன் தோளைத் தட்டி, "பரவாயில்லைன்னு சொல்றாங்கய்யா!" என்று கத்தினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

வெயில் தாழும்வரை ஏறினோம். ஒரு காட்டுக்கோழிகூட இல்லை. வழக்கமாகத் திரும்பும் இடத்தையும் தாண்டி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஓட்டிக்கொண்டே போனான். ஒரு வளைவில் ரேடியேட்டர் கொதித்து, வெள்ளைப் புகை கக்கி, வண்டி நின்றது. ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர் டின்னை எடுத்தால், காலி. செக்போஸ்ட் அடிபம்பில் நிரப்பியிருக்க வேண்டும்.

"நீ ரொப்புவேன்னு நான் சொம்மா இருந்தேன்!" என்றான் துலுக்கானம்.

"நான் என்ன உன் கிளீனரா? வண்டி உன்னது, டின்னு உன்னது!" என்றேன்.

"அஞ்சு வருசமா யார்பா ரொப்பனது? நீதானே?"

"அஞ்சு வருஷமா என் முதுகு போனதுக்குக் கணக்கு இருக்கா உன்கிட்டே? எனக்குப் புத்தி இருந்தா உன் பின்னாடி இந்தப் பாறைக்கு வருவேனா? மிருகமாம் மிருகம்! இந்த மலையிலே இருக்கிற ரெண்டு மிருகமும் இந்த வண்டியிலேதான்யா வந்துச்சு!"

என்னை மீறிப் பேசிவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான். அவனும் விடவில்லை. இரண்டு பேரும் ஜீப்பின் இரண்டு பக்கமும் நின்று மலை எதிரொலிக்கக் கத்திக்கொண்டிருந்தோம். நாகம்மா எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, வளைவைத் தாண்டிக் கொஞ்சதூரம் நடந்தாள். அங்கே ஒரு பாறை ஓரம் சட்டென்று நின்றாள். தலையைச் சாய்த்தாள். பிறகு மெதுவாக எங்கள் பக்கம் திரும்பி, காது மடலைப் பிடித்தாள்.

இரண்டு பேருக்கும் வாய் அப்படியே நின்றுவிட்டது. வார்த்தை பாதியில். யோசித்து நிறுத்தவில்லை, இருபது வருஷத்துப் பழக்கம் நிறுத்தியது. அந்த மலையில் அன்றைக்குத்தான் முதல்முறையாக நாங்கள் இருக்கும்போது அமைதி உண்டாயிற்று என்று நினைக்கிறேன்.

நாகம்மா உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினாள். மெதுவாக. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். பாறைக்குப் பின்னால் குனிந்து எட்டிப் பார்த்தோம்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில், ஒரு கறையான் புற்றுக்கு முன்னால், கரடி. ஐயோ, எத்தனை பெரிது! உடம்பெல்லாம் சடை விழுந்த கறுப்பு முடி, அதன்மேல் செம்மண் புழுதி. மூக்கு மட்டும் வெளுப்பு. முன்னங்கால் நகத்தால் புற்றை வறட்வறட் என்று கீறி, மூக்கை உள்ளே விட்டு, புஸ் புஸ்ஸென்று ஊதிப் புழுதியைத் தள்ளிவிட்டு, சர்ரென்று உறிஞ்சியது. எனக்கே, இந்தக் காதுக்கே, அந்தச் சத்தம் கேட்டது. அப்போதுதான் அதன் முதுகைப் பார்த்தேன். முடிக்குள்ளே ஒரு குட்டி. தாயின் முதுகில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தாய் குலுங்கும்போதெல்லாம் தானும் குலுங்கியது. அடிவாரத்திலிருந்து ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாகம்மா வந்ததும் அப்படித்தான்.

எனக்குப் பயம்தான். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் நடுவில் பள்ளம் இருந்தது, காற்றும் எங்களை நோக்கித்தான் வீசியது. துலுக்கானத்தைப் பார்த்தேன். அவன் இமைக்கவில்லை. வாய் திறந்திருந்தது, ஆனால் அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்சநேரம் கழித்து நாகம்மா பக்கம் திரும்பி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் காட்டினான். என்ன சத்தம் கேட்டு நிறுத்தினாய் என்று கேட்கிறான்.

அவனுக்குக் கேட்கவில்லை. மலையே அதிரும்படி அது ஊதிக்கொண்டிருக்கிறது, இவனுக்கு மட்டும் எல்லாம் ஊமைப்படம்.

நாகம்மா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்து, புறங்கையைத் தன் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து, கரடி ஊதும்போதெல்லாம் ஊதினாள். புஸ், புஸ், புஸ். அது உறிஞ்சும்போது இவளும் சர்ரென்று காற்றை உள்ளே இழுத்தாள். அவன் ஒரு கண்ணால் கரடியையும் ஒரு கண்ணால் கையையும் பார்த்தான். அப்புறம் புரிந்துகொண்டான். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கையை எடுத்துவிடுவாளோ என்று பயந்தவன் மாதிரி அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான்.

புற்றுத் தீர்ந்ததும் கரடி எழுந்தது. குட்டி ஒருமுறை தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. பிறகு தாயும் பிள்ளையுமாகச் சரிவில் ஏறி, இலுப்பை மரங்களுக்குள்ளே, தன் இஷ்டத்துக்கு, அவசரமே இல்லாமல் போய்விட்டன.

பிறகு நாகம்மா ஜீப்புக்குப் போய், குடிக்க வைத்திருந்த பால் கேன் தண்ணீரை எடுத்து நீட்டினாள். ஒரு திட்டுக்கூட இல்லை. ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருந்து, அதில் ஊற்றிக்கொண்டு இறங்கினோம். செக்போஸ்டில் அதே வாட்சர். "என்ன, இந்தத் தடவை சத்தத்தையே காணோம்?" என்றார். துலுக்கானம் சிரித்துக்கொண்டே கைகூப்பினான், வாயைத் திறக்கவில்லை.

குவார்ட்டர்ஸில் சொன்னேன். கரடி விடாதே என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? நம்பாவிட்டால் போகட்டும். எனக்கிருந்த கவலையே வேறு. மிருகத்தைப் பார்த்தாயிற்று, சரி. ஆனால் நாகம்மா வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்க வழக்கம்போலப் பால் ஊற்றினாள், வழக்கம்போலத் திட்டினாள். எருமைகள் வேப்பமரத்தடியில்தான் நின்றன. துலுக்கானமும் கேட்கவில்லை. கொடுத்த வாக்கை அவனாக மாற்றிப் பேசுகிறவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜம்புலிங்கம் வந்துவிட்டார். மனசு கேட்காமல் நானும் போயிருந்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, "பாடி பரவால்ல. இஞ்சின் எப்டி நைனா? கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணு, பாக்கலாம்" என்றார்.

துலுக்கானம் ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிக் கொடுத்தான். நாகம்மா சாணி வாரிய கையோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு, பட்டனை அழுத்தினான். ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. எத்தனையோ இஞ்சின்களைச் சரிபார்த்து அனுப்பியவன் நான், சொல்கிறேன்: அன்றைக்கு அது ஓடினமாதிரி என்றைக்கும் ஓடியதில்லை. ஒரு பிசிறு இல்லை. ஜம்புலிங்கத்தின் முகம் மலர்ந்தது. போயிற்று, வண்டி போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது நாகம்மா சாணிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காது மடலைப் பிடித்தாள்.

துலுக்கானம் அந்த நொடியே நிறுத்திவிட்டான்.

"இன்னா ஆச்சி? நல்லாத்தானே ஓடிக்கினு கீது?" என்றார் ஜம்புலிங்கம்.

"ஏதோ சத்தம் கீதுங்க. வண்டி உங்க சூளைக்குச் சரிப்படாது. நீங்க வேற எடத்துல பாத்துக்கோங்க" என்றாள் நாகம்மா. பிறகு துலுக்கானத்தின் எதிரே வந்து, அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "இன்னிக்கே போயி கீத்து வாங்கினு வா. வேப்பமரத்தாண்ட எருமைக்கு ஒரு கொட்டா போடற. ஒரு பொட்டு ஒழுவக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள முடியணும்."

ஜம்புலிங்கம் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

துலுக்கானத்துக்குப் பாதிதான் புரிந்திருந்தது. இஞ்சினில் கோளாறு என்பது மட்டும் மண்டையில் ஏறிவிட்டது. பதறிப்போய்க் கீழே குதித்து போனெட்டைத் தூக்கினான். "இன்னாமே சத்தம்? எங்கேர்ந்து வந்துச்சி? எனுக்கு ஒண்ணுமே கேக்கலியே!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

நாகம்மா அவன் கிரீஸ் கையைப் பிடித்து இழுத்து, புறங்கையில் புஸ் புஸ்ஸென்று ஊதினாள்.